மோகினிக்கு மாப்பிள்ளை தேவை

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே போன வருடம்தான். அதற்குள் இங்கே போனில் ஒரு தொடர்கதை எழுதுகிறேன். செண்பகத்தோப்புப் புளியமரத்து மோகினி, காட்டுக் காவலுக்கு வரும் பையனைக் காதலிக்கிற கதை.

இன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அம்மா மடியில் வளையலும் மல்லிகைப்பூவும் வைத்திருந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கா தாயி?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி, செண்பகத்தோப்பு மோகினிக்கு. எம்மவன் அங்க வாச்சரா இருக்கான். அவ அவனப் பிடிக்கப் பாக்காளாம், போன்ல போட்டிருக்கு. இத மரத்தடில வச்சுட்டு, வேலையே வேண்டாம்னு அவனக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்."

"அது நான் கட்டிவிட்ட கதை தாயி. அப்படி யாருமே இல்ல."

அவர் முறைத்தார். "அவ சொல்லாமலா ஒங்களுக்கு எழுத வந்துச்சு?"

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. "பையன் பொழப்பக் கெடுத்துராத" என்று கெஞ்சினேன்.

"அப்ப அவளுக்கு வேற மாப்பிள்ளையக் கட்டி வைங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுப்பேன். பொறவு அவன் காட்டுக்குப் போக மாட்டான்."

அடுத்த பகுதியை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். மாப்பிள்ளைதான் அமையவில்லை.

உங்கள் ஊரில் நல்ல குணமுள்ள ஆண் பேய் இருந்தால் கீழே சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்கள் தயவுசெய்து ஆசைப்பட வேண்டாம்.