ஒருவரும் ஏறாத ஸ்கேட்போர்ட்

பேய், ஆவி என்று கதைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கும் வரும். நீங்கள் சிரிக்கப் போவதும் தெரியும், சிரியுங்கள், ஆனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஸ்கேட்போர்ட் கடை தொடங்கினேன், இன்றைக்கும் நடத்துகிறேன். லண்டனிலிருந்து வருகிறவர்களின் சூட்கேஸில்தான் சாமான் வரும். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லாப் பெடியன்களும் அங்கேதான் கிடப்பார்கள். கடையில் ஒரே சட்டம்: புதுப் பலகைக்குச் சக்கரம் பூட்டி முடித்ததும் அதற்குரியவன்தான் முதலில் கால் வைக்க வேண்டும், வேறு எவனும் ஏறக்கூடாது.

அந்தப் பெடியன்களில் ஒருவன் சுதன், அவனுக்கு ஒரு பலகை பூட்டி வைத்தேன். எடுக்க வரும் வழியில் பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்கப்போன இடமெல்லாம் என்னையும் அவன் அம்மாவையும் நாயை விரட்டுவதுபோல விரட்டினார்கள். பலகையைச் சுவரில் மாட்டினேன்.

ரூபன் என்று ஒருத்தன் கடைக்கு வருவான், வெட்கம் கெட்டவன்.

"அண்ணை, அவன் இனி வரமாட்டான். எனக்குத் தாங்கோ."

"வெளியில போடா. இனி இந்தப் பக்கம் உன்னைக் காணக்கூடாது."

அந்தக் கோபத்தோடு பலகையைத் துடைக்கப் போனால், நம்பினால் நம்புங்கள், சக்கரங்கள் தேய்ந்திருந்தன. ஒருவரும் ஏறாத புதுச் சக்கரம், இடுக்கெல்லாம் செம்மண். வெள்ளவத்தையில் ஏது செம்மண்? எவனோ களவாக ஓடியிருக்கிறான் என்று சங்கிலி போட்டுச் சுவரோடு பூட்டினேன். அடுத்த கிழமை இன்னும் தேய்ந்திருந்தது.

சுதனின் அம்மா வந்தபோது அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ர பிள்ளை எங்கயோ ஓடித் திரியிறான், தம்பி. உயிரோடதான் இருக்கிறான்."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். சண்டை முடிந்தும் வருகிறார். சக்கரம் தேயத் தேய நான் மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேற்பக்கம் சொரசொரப்பான தாள் ஒட்டுவோம். இத்தனை காலமும் அதில் இரண்டு பாதங்களின் இடமும் தேய்ந்து வந்தது. அண்மையில் பூட்டைத் திறந்து கழட்டிப் புதுத் தாள் ஒட்டினேன். இப்போது ஒரு பாதத்தின் இடம் மட்டும்தான் தேய்கிறது.

அந்தப் பக்கம் சுவரோடு இருப்பதால் அம்மாவுக்குத் தெரியாது. போன வெள்ளிக்கிழமை கேட்டார்.

"ஒருக்காக் கழட்டித் தாங்கோ தம்பி, மடியில வச்சுப் பாக்கப்போறன்."

"கடல் காத்துக்குப் பூட்டு துருப்பிடிச்சிட்டுது அம்மா, திறக்கேலாது," என்றேன்.