வலிக்காத ஜீப்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீப்புக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் கந்தைத் துணி தேடினேன்.

இந்த வேலைக்குத் துணி எவ்வளவு இருந்தாலும் போதாது. ஆயில் குச்சியைத் துடைக்க, கிரீஸ் நிப்பிளில் ஒட்டிய மண்ணைத் துடைக்க, கடைசியில் என்னைத் துடைக்க...

பின்கட்டில் தங்கத்தின் பழைய பருத்திச் சேலை ஒன்று கிடந்தது. கிழிக்கலாம் என்று முந்தானையைப் பிடித்தேன். ஏற்கெனவே போயிருந்தது. கிழிசல்கூட இல்லை. ஓரம் முழுக்க ஓட்டை ஓட்டையாக நைந்திருந்தது. இன்னொரு சேலையை எடுத்தேன். அதிலும் அதே இடம். அதே ஓட்டைகள்.

"தங்கம், வீட்டில எலி புகுந்திருக்கு" என்று சத்தம் கொடுத்தேன்.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து பதில் மெதுவாக வந்தது.

"எலியொண்ணும் இல்ல. நானாக்கும்."

தங்கம் என் மனைவி. நாகர்கோவில்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த நாளிலிருந்து பாப்பனங்கோட்டில் இதே வீடுதான். ஒரு வருஷமாக அவளுக்கு முதுகெலும்பில் நோய். அதன் பெயரை நாங்கள் வீட்டில் சொல்வதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

ஜீப்பில் போகிறோம் என்றால் யாராக இருந்தாலும் திட்டுவார்கள். முதுகு வலிக்காரியை ஜீப்பிலா? டாக்சி கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் டாக்சிக்குள் ஏறக் குனிய வேண்டும், உடம்பை மடக்க வேண்டும். அது அவளால் முடியாது. ஜீப் சீட் உயரம். முதுகை வளைக்காமல் பக்கவாட்டில் உட்கார வைத்து, காலை மட்டும் உள்ளே எடுத்து வைத்தால் போதும். ஏறுவதற்கு ஜீப் சுகம். ஓடுவதற்கு...

பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்து, ஏலத்துக்கு வந்து, இரண்டு கை மாறி என்னிடம் சேர்ந்த வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். நல்ல நாட்களில் பொன்முடி ஏறியிருக்கிறோம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம்வரை மழைச் சேற்றில் போய் வந்திருக்கிறோம். ஒவ்வொரு குழிக்கும் தங்கம் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நோய் வந்த பிறகு அதே குழிகளில் அவள் முகம் வெளுத்துப் போவதைப் பார்த்தேன்.

நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டராலேயே முடியவில்லை. ஆனால் ஸ்பிரிங்கை? கையில் ஒரு ஸ்பேனர் இருக்கிறவரை ஆண்பிள்ளை எவனும் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டான்!

ஆகவே ஞாயிறுதோறும் பராமரிப்பு. ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் எண்ணெய் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் ஸ்பிரிங் பட்டைகளோடுதான். சேஸிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்தால் சக்கரம் தொங்கும். பட்டைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழும். அதில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்துத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவுவேன். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பட்டைகள் வழுக்கி விலகினால் வண்டி தூக்கிப் போடாது என்பது என் கணக்கு. டயரில் காற்றைக் குறைத்தேன். காலி ஜீப்தான் அதிகம் குதிக்கும் என்று பின்னால் மணல் மூட்டை ஏற்றினேன்.

செவ்வாய் இரவு கேட்பேன். "இன்னைக்கு எப்படி?"

"கொள்ளாம். போன வாரத்துக்கு இது எவ்வளவோ பரவால்ல."

எனக்குத் தலைகால் புரியாது. வண்டியைப் பட்டு மெத்தையாக்கிவிட்டேன் என்று பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே ஒரு தடவை பீற்றிக்கொண்டதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

நைந்த முந்தானையைக் கையில் பிடித்தபடி கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"வலிச்சா சொல்லவேண்டியதுதானே? சேலையைக் கடிச்சுக்கிட்டா உட்கார்ந்திருந்தே?"

"சொன்னா என்ன செய்வீங்க?"

"இன்னும் கொஞ்சம் கிரீஸ்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இஞ்ச பாருங்க. வாரம் முழுக்க நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு நடக்கீங்க. அடுக்களையில நின்னு அழுகது எனக்குக் கேக்காதுண்ணு நெனைப்பு. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு அடியில போனா மட்டும்தான் சீட்டியடிக்கிற சத்தம் கேக்கும். அதையும் நான் கெடுக்கணுமா?"

நான் சீட்டியடிப்பதே எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஜாக்கியை எடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன பெரிய பொய் இதுதான். கோபப்படத்தான் நினைத்தேன்; வரவில்லை.

"இனிமேல் வலிச்சா சொல்லு. எந்த இடமானாலும் வண்டியை நிறுத்தறேன்" என்றேன்.

"சரி. நீங்களும் எங்கிட்ட பொய் சொல்லப்பிடாது."

"சரி."

அந்த 'சரி'யைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். கரமனைப் பாலத்துக்கு முன்பே "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். கிள்ளிப்பாலத்தில் ஒரு தடவை. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணி எண்ணி விடுவாள். பிறகு தலையை ஆட்டுவாள். போவோம். ஒரு வருஷம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்காத வலியை அன்றுதான் பார்த்தேன்.

பழவங்காடியில் பிள்ளையார் கோவிலுக்கு நேர் எதிரே மறுபடி "நிறுத்துங்க". ஓரம் கட்ட இடமில்லை. நடுரோட்டிலேயே நின்றேன். பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் லாரி, அதற்குப் பின்னால் உலகத்திலுள்ள எல்லா ஹாரன்களும். வெயிலில் வேர்த்துக்கொண்டு போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"எந்தா சாரே இது? வண்டி எடுக்கு! மொத்தம் பிளாக் ஆயி!"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எனிக்கு வேதனையாணு. ஒரு நிமிஷம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பானெட்டைத் தட்ட ஓங்கிய கையை இறக்கினார். பின்னால் போய், பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கோவில் வாசலில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். தங்கம் தலையை ஆட்டும்வரை ஒரு வண்டியும் நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்தது. டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துப் பேசினார். "இனி இவ்வளவு தூரம் இவரை அலைய வைக்க வேண்டாம். வலிக்கு மருந்து எழுதித் தருகிறேன். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்து வரும் வழியில் மனசுக்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. 'நல்ல முன்னேற்றமாம், அதனால இனி வரவேண்டாமாம்.' எவ்வளவு அழகான வாக்கியம்! எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் கஷ்டமா?

ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். திருகவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை முந்தானை மடியில் கிடந்தது. அன்றைக்கு அதில் பல் படவே இல்லை.

"இனி வரவேண்டாம்னார். அவங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

தங்கம் எதிரே இருந்த மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் இருந்த என் கைமேல் அவள் கையை வைத்தாள். கனமே இல்லாத கை.

"என் உடம்பில்லா, எனக்கு ரெண்டு வாரமா தெரியும். நீங்க சொல்லுவீங்களாண்ணுதான் கேட்டேன்."

புறப்பட்டோம். கியரை மாற்றாமல் ஊர்ந்தேன். பட்டம் தாண்டி, பாளையம் தாண்டி, ஓவர்பிரிட்ஜ் வரையில் அவள் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே ஒரு பூவரச மர நிழலில் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தேன்.

"ஏன் நிறுத்தினீங்க? எனக்கு வலிக்கல்லியே" என்றாள்.

"எனக்கு" என்றேன்.