டிலே ஸ்டேஜில் ஒரு கால் சுற்று

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

“லேசர் பார்த்திருக்கீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“பார்த்திருக்கேன் டாக்டர். பிரிஞ்சாங் ராத்திரிச் சந்தை, பசார் மாலாம்ல பச்சை லைட்டு விக்கிறாங்க. பூனை முன்னால காட்டுனா பூனை துரத்தும்.”

அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பப் பாரத்தில் ‘ஓரளவு அனுபவம் உண்டு’ என்று எழுதிக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்தது.

டாக்டர் குணசேகரன் ஊசி போடும் டாக்டர் அல்ல, இயற்பியல் டாக்டர். கேமரன் மலையில் எங்கள் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை சும்மா கிடந்தது. அதன் கீழ்த்தளத்தை ஒரு பல்கலைக்கழகம் எடுத்து லேசர் ஆய்வுக்கூடம் வைத்தது. கொழுந்து உருட்டும் ரோலர்கள் நின்ற தளம் அது. கான்கிரீட் இரண்டடி கனம். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரிகள் வரிசையாகப் போனாலும் ஆடாது. அந்தத் தளத்துக்காகத்தான் மலையேறி வந்தார்களாம். ரோலர்களை முப்பது வருடம் பழுதுபார்த்து வந்த பிட்டர் நான். தளத்தோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குறிப்பை எழுதச் சொன்னது அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் நாளே டாக்டர் விதிகள் சொன்னார். கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உள்ளே வரக்கூடாது. கைக்கடிகாரம், மோதிரம் கூடாது. ஒளி அதில் பட்டுத் தெறித்தால் பக்கத்தில் இருப்பவர் கண் போய்விடும். கடைசியாக, மேசை ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தண்டவாளத்தைக் காட்டினார்.

“இது டிலே ஸ்டேஜ். இதை மட்டும் திறக்காதீங்க. ரிப்பேர்னா வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும்.”

“சரி டாக்டர்” என்றேன்.

மறுநாள் காலை மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தபோது என் மனைவி பார்வதி பார்த்துவிட்டாள்.

“கல்யாணத்துல போட்ட மோதிரம். இத்தன வருஷம் கழட்டுனதில்ல. அங்க யாரு இருக்கா?”

“ஒரு டாக்டர், ஒரு படிக்கிற பொண்ணு, ஒரு லேசர்.”

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?”

“நம்ம மகள விட ரெண்டு வயசு சின்னது.”

“லேசருக்கு?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. மேனேஜரின் கோபம்

படிக்கிற பெண் சரளா. ஈப்போக்காரி, பிஎச்டி மாணவி. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

“ஒண்ணுமில்ல அங்கிள். ஒரு பல்ஸ் அடிக்கும், இன்னொரு பல்ஸ் பார்க்கும். அவ்ளோதான்லா.”

ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடியும் பத்து லட்சம் துண்டாக்கினால் கிடைப்பது ஒரு பிக்கோசெகண்ட். அந்த லேசர் பல்ஸ் அதிலும் பத்தில் ஒரு பங்கு. இதை அளக்கக் கடிகாரம் கிடையாது. அதனால் நேரத்தைத் தூரத்தால் அளக்கிறார்கள். இரண்டாவது பல்ஸ் வரும் வழியில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி உட்கார்ந்திருப்பது டிலே ஸ்டேஜில். ஸ்டேஜைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் பல்ஸ் போய்த் திரும்பும் தூரம் கூடும், அந்த அளவு தாமதமாக வந்து சேரும். ஒரு பிக்கோசெகண்டில் ஒளி போவது 0.3 மில்லிமீட்டர். ஸ்டேஜைத் தள்ளுவது ஒரு மோட்டார், ஒரு ஸ்குரூ. இவ்வளவு பெரிய படிப்பின் நடுவில் ஒரு ஸ்குரூவைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது.

சாம்பிள் என்பது கண்ணாடித் துண்டின் மேல் பூசிய அலுமினியப் படலம். இருபது நானோமீட்டர் கனம். முதல் பல்ஸ் அடித்ததும் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் சட்டென்று சூடேறுகின்றன. அணுக்கள் வரிசை கட்டி நிற்கும் சட்டகத்துக்கு, அதாவது லாட்டிஸுக்கு, அந்தச் சூடு பிறகுதான் போய்ச் சேருகிறது.

“புரிஞ்சதா அங்கிள்?”

“புரிஞ்சதும்மா. மேனேஜருக்குக் கோபம் வந்தா முதல்ல ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி மேல ஏறும். கிராணி உடனே குதிப்பாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்து சேரும். கிராணிதான் எலக்ட்ரான். லயம் லாட்டிஸ்.”

சரளா பேனாவைக் கீழே வைத்தாள். “லயத்துல இருந்து கோபம் எங்க போகும்?”

“வேற எங்க? பெண்டாட்டிகிட்டதான்.”

“அது சப்ஸ்ட்ரேட்” என்றாள். படலத்துக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக்கு அதுதான் பெயராம்.

அவள் தேடியது அதற்கும் அடுத்த கட்டம். திடீரென்று சூடேறிய படலம் உப்பும். உப்பியது அடங்கும்போது அடிபட்ட தப்பு மேளம் மாதிரி அதிரும். அந்த அதிர்வு கிராபில் அலையாகத் தெரிய வேண்டும். இருபது நானோமீட்டருக்கு ஓர் அலை ஆறு பிக்கோசெகண்டுக்குக் கொஞ்சம் கூட என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தீசிஸ் கொடுக்க ஐந்து மாதம் இருந்தது. அலைதான் வரவில்லை.

3. கிரீச்

ஸ்டேஜ் நகரும்போது ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கிரீச் என்று, பெரிய சத்தம்கூட இல்லை. டாக்டருக்கும் சரளாவுக்கும் கேட்கவில்லை. மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த காது எனக்கு, சோறு இறங்கவில்லை.

இரண்டு பேரும் கூட்டத்துக்காக ஈப்போவுக்கு இறங்கிய ஒரு மத்தியானம் ஸ்டேஜைத் திறந்தேன். பழைய கிரீஸ் காய்ந்திருந்தது. துடைத்தேன். ஸ்குரூவின் மரையை கேஜ் வைத்துப் பார்த்தேன்: ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு மில்லிமீட்டர் நகரும். என் கைக்கு மரையைப் பார்த்தால் அளக்கிற புத்தி. நல்ல எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூடினேன்.

மூடும்போதுதான் தவறு செய்தேன். எங்கள் தொழிற்சாலையில் ரோலர் இருபத்து நான்கு மணி நேரமும் குலுங்கும்; நட்டெல்லாம் தானாகக் கழலும். அதனால் பெரிய பிட்டர் ஆறுமுகம் எங்களுக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். “போதும்னு தோணுச்சா? அப்ப இன்னும் கால் சுத்து போடு” என்பார். போடாதவனுக்கு அன்று டீ கிடையாது. முப்பது வருடம் அப்படியே இறுக்கிய கை. ஸ்குரூவைத் தாங்கும் பேரிங்கின் நட்டைப் போதுமான அளவு இறுக்கினேன். பிறகு கால் சுற்று.

சத்தம் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை.

4. அலை

மூன்றாம் நாள் சரளா போட்ட கூச்சலில் வெளியே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

திரையில் அலை. பல்ஸ் அடிப்பதற்கு முன்னால் கோடு தட்டை. அடித்ததும் ஏறி, மெதுவாக இறங்கியது. இறங்கும் சரிவு முழுக்க அழகான அலை, போகப்போகச் சிறுத்துக்கொண்டே. டாக்டர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் அதே அலை.

“வெள்ளிக்கிழமைதான் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். எழுதும்மா” என்றார். “உன் பேரை முதல்ல போடு.”

பார்வதி கேசரி செய்து கொடுத்துவிட்டாள். சரளா ஈப்போவிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். நான் இரண்டு துண்டு கேசரி சாப்பிட்டேன்.

5. ஆறு புள்ளி ஆறு ஏழு

புதன்கிழமை டீ குடிக்கும்போது கேட்டேன். “ஒரு அலைக்கு எவ்ளோ நேரம்மா?”

“ஆறு புள்ளி ஆறு ஏழு பிக்கோசெகண்ட். எத்தன தடவ எடுத்தாலும் அதேதான் அங்கிள். அவ்ளோ சுத்தம்.”

கணக்குப் போட்டுப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். ஒரு பிக்கோசெகண்டுக்கு 0.3 மில்லிமீட்டர் என்றால் 6.67-க்கு இரண்டு மில்லிமீட்டர். ஒளி கண்ணாடி வரை போக ஒன்று, திரும்பி வர ஒன்று. அப்படியென்றால் ஓர் அலை முடியும்போது ஸ்டேஜ் நகர்ந்திருப்பது ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஸ்குரூவுக்குச் சரியாக ஒரு சுற்று.

டீ ஆறிவிட்டது. நான் கூடுதலாக இறுக்கியதில் ஸ்குரூ வளைந்திருக்கிறது. வளைந்த ஸ்குரூ ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணாடியை மயிரிழை பக்கவாட்டில் தள்ளுகிறது. இரண்டு பல்ஸும் சாம்பிளில் ஒரே இடத்தில் விழாமல் விலகி விலகிச் சேருகின்றன. அதனால் சிக்னல் ஏறி இறங்குகிறது. அதிர்ந்தது அலுமினியம் அல்ல, என் நட்டு.

அந்த மரை ஒரு மில்லிமீட்டர் என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். திறந்தவன் நான் ஒருவன்தானே.

வீட்டில் பார்வதியிடம் சொன்னேன்.

“சொன்னா வேலை போயிரும்” என்றேன்.

“சொல்லலன்னா?”

“தப்பான விஷயம் வெளிய போகும். என்னைக்காவது ஒருத்தன் கண்டுபிடிப்பான்.”

“அதுல யார் பேரு போட்டிருக்கு?”

“சரளா பேரு.”

“அப்புறம் என்கிட்ட எதுக்கு யோசனை கேக்குறீங்க? நாளைக்கு நேரத்தோட கிளம்புங்க.”

வியாழக்கிழமை காலை இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். திறந்தது, இறுக்கியது, கணக்கு, எல்லாம்.

சரளா முகம் வெளுத்துவிட்டது. “இல்ல அங்கிள். ரெண்டு நம்பரும் தற்செயலா பக்கத்துல வந்துருக்கு, அவ்ளோதான். என் கணக்குலயும் ஆறுதானே வருது?”

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. “நாற்பது நானோமீட்டர் சாம்பிள் எங்க?”

“அது அடுத்த சாப்டருக்கு வச்சிருக்கேன் டாக்டர்.”

“இப்ப போடு.”

கனம் இரண்டு மடங்கானால் அலையும் இரண்டு மடங்கு மெதுவாக வர வேண்டும். ஆறு, பன்னிரண்டாக வேண்டும். சரளாதான் சாம்பிளை மாற்றினாள். ஸ்கேன் முடிய நாற்பது நிமிடம். யாரும் உட்காரவில்லை.

அலை வந்தது. ஆறு புள்ளி ஆறு ஏழு.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது இப்ப எத்தன பேருக்குத் தெரியும்?”

“நாம மூணு பேருக்கு டாக்டர். எங்க வீட்டுல பார்வதிக்கு.”

“சரி” என்றார். போனை எடுத்து, அலை கிடைத்தது என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த மாநாட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். அலை பொய் என்றும், தவறு தம்முடைய கூடத்தில் நடந்தது என்றும், இந்த வருடம் எதுவும் அனுப்பவில்லை என்றும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வெளிநாட்டுக்கு அனுப்புனா நாலு மாசம் ஆகும். அந்தப் பிள்ளைகிட்ட அவ்ளோ நாள் இல்ல. நீங்களே திறங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“என் வேலை டாக்டர்?”

“அதான் சொன்னேனே, திறங்க.”

6. ஒன்றுமில்லாத கோடு

நட்டைத் தளர்த்தினேன். நல்லவேளை, ஸ்குரூ நிமிர்ந்துகொண்டது. சாம்பிளை வைத்து ஓடவிட்டோம். கோடு ஏறியது, வழவழவென்று இறங்கியது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

சரளா நெடுநேரம் பார்த்தாள். “அழகா இருக்கு. ஒண்ணுமே இல்ல” என்றாள். பிறகு குடை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

அடுத்த ஒரு வாரம் என்னிடம் அவள் பேசியது இரண்டு வார்த்தை. ஒன்று “கதவு”, இன்னொன்று “லைட்டு”. கதவை மூடுவேன், லைட்டை அணைப்பேன். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு, இது பழக்கமில்லை.

எட்டாம் நாள் அவளே கேட்டாள். “அங்கிள், மேசை மேல காத்து அடிக்காம ஒரு பெட்டி செய்ய முடியுமா?” அன்றே செய்தேன். உண்மையான அலை இருந்தால் அது மிகச் சின்னது, இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் என்றாள். இரைச்சலை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். தண்ணீர் பம்பைப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். ஆடும் கேபிளைக் கட்டினேன். ஒரே ஸ்கேனை நூற்றுக்கணக்கில் எடுத்துச் சராசரி போட்டாள். பத்து வாரம் போனது.

பத்தாவது வாரம், நாற்பது நானோமீட்டரில், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு நெளிவு. பன்னிரண்டரைக்குப் பக்கத்தில். சரளா கூச்சல் போடவில்லை. எழுந்து இருபது நானோமீட்டரைப் போட்டாள். மறுநாள் சாயங்காலம் சராசரி வந்தது. ஆறேகாலுக்குப் பக்கத்தில். ஆறு புள்ளி ஆறு ஏழு இல்லை.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“அங்கிள். ஸ்டேஜைத் தொட்டீங்களா?”

“தொடலம்மா.”

“எண்ணெய் விட்டீங்களா?”

“விடல.”

“சத்தியமா?”

“பார்வதி மேல சத்தியமா.”

“எதுக்கும் இன்னொரு தடவ எடுத்துட்டு டாக்டரக் கூப்பிடுறேன்” என்றாள். எடுத்தாள். பிறகுதான் கூப்பிட்டாள்.

தீசிஸ் இரண்டு மாதம் தாமதமாகப் போனது. மாநாட்டுக்கு அடுத்த வருடம் போனாள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நினைத்த விடை வராத நாளில் மெஷினைச் சந்தேகப்பட யாரும் சொல்லித்தர வேண்டாம். நினைத்த விடை வந்த நாளில்தான் இன்னொரு சாம்பிளைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு நோட்டு தொங்குகிறது. எதைத் தொட்டாலும் நாள் போட்டு அதில் எழுதுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் கால் சுற்று அங்கே என் கையெழுத்தில் இருக்கிறது.