நான்காவது கணினி ஏன் காலியாக இருந்தது

“நீ மொத்தமா பாத்ததே நாலஞ்சு கம்ப்யூட்டரு. அதுல எது நல்லதுன்னு நீ சொல்லிருவியாம்மா?”

கேட்டவர் கண்டாக்கையா. லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தர். பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவை ஒட்டி ஓர் அறை வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. அதன் சாவியை என் கையில் கொடுத்துக்கொண்டே, சிரித்தபடிதான் கேட்டார். ஆனாலும் சுட்டது. என் அப்பாவும் அம்மாவும் சம்பளத்துக்குப் பெருவிரலை வைத்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். உயர்தரம் முடித்து, ஹட்டனுக்கு ஆறு மாதம் பஸ்ஸில் போய்க் கணினி படித்திருந்தேன். “சொல்லுவேன் ஐயா” என்றேன். அந்த வயதில் வேறு எதைச் சொல்லியிருப்பேன்?

வெளிநாட்டில் யாரோ பாவித்து முடித்த நான்கு கணினிகள் அந்த அறைக்கு வந்திருந்தன. அவற்றைக் கொண்டுவந்த திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். அவர் போட்ட நிபந்தனை எளியது. இரண்டு மாதம் அறை நடக்கும். ஆட்கள் வந்து பழகினால் கணினிகள் தோட்டத்திலேயே இருக்கும். வராவிட்டால் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விடும். நான்கிலும் நான்கு விதமான மென்பொருள்களைப் போட்டுத் தந்திருந்தார். “ஆர் எதிலை விரும்பி இருக்கினம் எண்டு பாரும் பிள்ளை. கடைசியிலை எது நல்லதெண்டு எழுதித் தாரும். நாலையும் அப்பிடியே மாத்துவம்” என்றார்.

ஜன்னலோரத்து முதல் கணினியில் பழைய விண்டோஸ் 98. இரண்டாவதில் விண்டோஸ் எக்ஸ்பியும் எக்ஸ்புளோரரும். மூன்றாவதிலும் எக்ஸ்பிதான், ஆனால் இணையத்துக்குப் பயர்பொக்ஸ். நான்காவதில் லினக்ஸ். அதன் மெனுக்கள் எல்லாம் தமிழில் இருந்தன.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. இரண்டாவதில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கேட்காத விளம்பரங்கள் நாலு முன்னால் வந்து குதிக்கும். ஒவ்வொன்றாக மூடி முடிப்பதற்குள் தேடி வந்தது மறந்துவிடும். பயர்பொக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஜன்னலுக்குள் மூன்று நான்கு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்று வரும்வரை இன்னொன்றைப் படிக்கலாம். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் சொட்டுச் சொட்டாக வந்த இடத்தில் அது பெரிய வசதி. முதலாவது பாவம். இருந்தாற்போல் நீலத் திரையாகி நின்றுவிடும். அதைவிட மோசம், தமிழில் வந்த எழுத்தை எல்லாம் கட்டம் கட்டமாகவே காட்டும். நான்காவதை நானும் அதிகம் தொடவில்லை. ஹட்டனில் படித்தது முழுவதும் விண்டோஸ்தான்.

கொழுந்தை எடைபோடும் கடைசி நிறுவை முடிந்து, கூடையை வீட்டில் வைத்துவிட்டுப் பெண்கள் நாலரை மணிக்கு மேல் வருவார்கள். நான் ஒரு கொப்பியில் யார் எந்தக் கணினியில் இருந்தார்கள் என்று குறித்துவந்தேன். முதல் இரண்டு வாரம் அறை நிறைந்தது. பிறகு மெல்லக் குறைந்தது. வருகிறவர்களும் மூன்று கணினிகளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அடுப்பு வேலை இருக்கிறது என்று போய்விடுவார்கள். நான்காவது காலியாகவே கிடந்தது. முதல் வாரம் அதில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகள் தையல் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை யாரும் இழுக்கவில்லை.

ஆக, லினக்ஸ் நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. கொப்பி அதைத்தானே சொல்கிறது? அப்படியே அறிக்கை எழுதினேன். நான்கிலும் எக்ஸ்பியும் பயர்பொக்ஸும் போடலாம் என்று, அழகான கையெழுத்தில்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய வீட்டுக்காரர் கட்டாரில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, அங்கிருந்து தமிழில் மின்னஞ்சல் அனுப்புவார். அக்காவுக்கு முதல் நாள் கிடைத்தது முதல் கணினி. அதில் கடிதம் வெறும் கட்டங்களாகத் தெரியும். நான் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ அதைத் திறந்து உரக்கப் படித்துச் சொல்வேன். அறையில் எல்லாரும் இருப்பார்கள். புருஷன் பெண்சாதிக்கு எழுதியதை நான் செய்தி வாசிப்பதுபோல வாசித்தேன். பதிலுக்கு என்ன எழுத என்று கேட்டால், “நல்லா இருக்கேன்னு எழுதிரும்மா” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். இரண்டு வாரம் அதே ஒரு வரி. அவர் கூச்சப்படுகிறார் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. உதவி செய்கிற பெருமையில் இருந்தேன்.

ஒரு மழை நாள் மாலை. அக்கா முதல் கணினிக்குப் பின்னால் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அதில் வேறொருவர் இருந்தார். நான்காவது வழக்கம்போலக் காலி. அங்கே போய் உட்காரச் சொன்னேன். அக்கா அசையவில்லை.

“அது அந்தப் புள்ளைங்க நிரைம்மா.”

“அதுங்க கொழும்புக்குப் போயி எம்புட்டு நாளாச்சு அக்கா.”

“போனா என்ன? மாத்திக் குடுக்காம நாமளா அடுத்தவ நிரையில பூந்தா நல்லாவா இருக்கும்?”

காலையில் மலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். தேயிலைச் செடி வரிசைதான் நிரை. பக்கத்து நிரையில் கொழுந்து எவ்வளவு செழித்து நின்றாலும் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் சண்டை வரும், மரியாதையும் போய்விடும். முதல் நாள் நான் ஆளாளுக்குக் கணினியைக் காட்டி உட்கார வைத்தேன். அவர்களைப் பொறுத்தவரை நான் நிரை பிரித்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் கொப்பி, யாருக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்லவே இல்லை. முதல் நாள் நான் யாரை எங்கே இருத்தினேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அம்மா இருபது வருடம் நிரையில் நின்று என்னைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பினால் ஒரு நாளும் நிரையில் நிற்காத எனக்கு இது தெரியாமல் போயிருந்தது.

அறிக்கையைக் கிழித்தேன். அறையின் நடுவில் நின்று, கங்காணி பேசுகிற மாதிரியே சொன்னேன்: “எல்லாரும் கேளுங்க. இன்னையிலருந்து நிரை மாத்துறோம். தெனமும் ஆளுக்கு ஒரு மிசினு தள்ளி உக்காரணும்.”

“பொம்பளக் கங்காணி வந்துட்டாடி” என்றார் ஒருவர். “கொறைச்சலா எழுதுனா அரைப் பேரு போடுவீங்களா கங்காணியம்மா?” என்று இன்னொருவர் கேட்டார். கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் மட்டும் போடுவார்கள், அதைத்தான் அரைப் பேர் என்பது. அறையே சிரித்தது. ஆனால் சிரித்துக்கொண்டே எல்லாரும் எழுந்து இடம் மாறினார்கள்.

ஆங்கில மெனு இருந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் கடந்து, கடைசிக் காம்பரா அக்காவுக்கு மூன்றாம் நாள் நான்காவது கணினி வந்தது. அது மெதுவாகத்தான் திறந்தது. திறந்ததும் அவர் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு மெனுவாக, எழுத்துக் கூட்டி, வாய்க்குள்ளேயே படித்தார். கடிதம் ஒரு கட்டமும் இல்லாமல் முழுத் தமிழில் வந்தது. பழக்கத்தில் நான் படித்துச் சொல்லப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா முந்தானையை இழுத்துத் திரையின் ஓரத்தை மறைத்துக்கொண்டார்.

“நீ அங்கிட்டுப் போம்மா. நானே படிச்சிக்கிறேன்.”

போனேன். இதுவரை எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அந்தச் சொல்லுக்கு ஈடில்லை. விசைப்பலகையில் நான் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துத் துண்டுகளைத் தேடித் தேடி, ஒற்றை விரலால், அறையை மூடும்வரை அவர் பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வரியைவிட அதிகம் என்று மட்டும் தெரியும்.

பிறகு வந்த நாட்களில் அவர்களே ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். நாலாவது மெதுவு, ஆனால் சொல்வது புரிகிறது. மூணாவது வேகம், விளம்பரம் இல்லை, படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது. ரெண்டாவது தொல்லை பிடித்தது, ஆனால் அரசாங்க விண்ணப்பப் படிவங்கள் அதில்தான் கோணாமல் அச்சாகின்றன. முதலாவது யாருக்கும் வேண்டாம். நான்காவதும் ஓடத் தொடங்கியதால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் இல்லை.

இரண்டு மாதம் முடிந்து யாழ்ப்பாணத்து அம்மா வந்தபோது அறையில் நாற்காலி போதவில்லை. கண்டாக்கையாவும் வந்து நின்றார். எது நல்லது, ஒரு பேரைச் சொல்லும் என்று அந்த அம்மா கேட்டார். ஒரு பேர் சொல்ல முடியாது என்றேன். முதல் கணினி பழசு, எக்ஸ்பியைத் தாங்காது, அதில் இலேசான தமிழ் லினக்ஸ் ஒன்றை ஏற்றுவோம், மற்றவை இருக்கிறபடி இருக்கட்டும், ஆட்கள் மாறி மாறி உட்காருவார்கள் என்று சொல்லி, யார் எதற்கு எதைத் தேடிப் போகிறார்கள் என்ற புதுக் கொப்பியைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே கடைசிவரை படித்தார். கணினிகள் எங்களோடு தங்கிவிட்டன.

போகும்போது கண்டாக்கையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எங்க வூட்டு மிசின்லயும் அந்த விளம்பரம் வந்து குதிக்குதும்மா. அதுக்கு எதப் போடுறது?” என்று கேட்டார். மறுநாளே போய்ப் பயர்பொக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாவி கொடுத்த அன்று அவர் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் நான் கொப்பியே வாங்கியிருக்க மாட்டேன். என்னைத் திருத்திய அக்காவுக்கும், திருத்தியதே தெரியாமல் வந்து உட்கார்ந்த மற்றப் பெண்களுக்கும் நான் பட்டிருக்கும் கடன் வேறு.

அக்கரப்பத்தனையில் இன்னொரு தோட்டத்திலும் இப்படி ஓர் அறை திறக்கிறார்கள். பொறுப்பு எனக்குத்தான். போன திங்கட்கிழமை லினக்ஸ் சிடியோடு பஸ் ஏறிப் போய், கணினிகளைப் பொருத்தி முடித்தேன். வருகிறவர்கள் கண்ணில் படும்படி கதவிலேயே ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்: “இங்கே தினமும் நிரை மாறும்.”