வாலுள்ள வீரனின் முகம்

அந்த முகத்தை நான் சுன்னாகம் சந்தையில் எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. மானிப்பாயில் எங்கள் வீடு. பகலில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பித்தேன், மிச்ச நேரத்தில் கடைகளுக்கும் வான் வண்டிகளுக்கும் பெயர்ப்பலகை எழுதினேன். அன்று சந்தைக்குப் போனபோது, தன் தோட்டத்து வாழைக்குலைகளை விற்க வந்த ஒருவர் வியாபாரியின் தராசுத் தட்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அடியில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

“ஏன் ஐயா, நான் என்ன கள்ளனோ?” என்றான் வியாபாரி.

“நான் அப்பிடிச் சொன்னனானோ? நீர்தான் சொல்லுறீர்,” என்றார் அவர்.

முகத்தைப் பார்த்தேன். அகன்ற தாடை. கீழ்ப்பற்கள் இரண்டு மேலுதட்டின் மேல் ஏறியிருந்தன. புருவங்கள் நடுவில் ஒன்றாகக் கலந்திருந்தன. ஒரு கண்ணைச் சுருக்கி, மற்றக் கண்ணால் சந்தை முழுவதையும் விசாரித்துக்கொண்டிருந்தார். மிளகாய் சுற்றிவந்த கடதாசியின் பின்புறத்தில் அவசரமாகக் கீறிக்கொண்டேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அதே கிழமையில்தான் வீடியோக் கொட்டில்காரர் என்னைக் கூப்பிட்டார். சவூதியில் இருந்து திரும்பியவர். சந்திக்குப் பக்கத்தில் புகையிலை போட்டு வைத்திருந்த கொட்டிலில் ஒரு ரீவியையும் வீடியோ டெக்கையும் வைத்து, சனம் இருக்க மரவாங்குகள் அடித்து, படம் காட்டிக்கொண்டிருந்தார். பொழுதுபட்டால் யாரும் வெளிக்கிடாத காலம். காட்சிகள் காலை பத்துக்கும் பின்னேரம் இரண்டுக்கும்தான்.

“இங்கிலீசுப் படம். சித்திரக்கதைப் புத்தகத்திலை வந்த கதையாம். பூதந்தான் கதாநாயகன். கொம்பு இருக்கு, வால் இருக்கு, ஆனா நல்ல மனசு,” என்றார்.

“முகம் எப்பிடியிருக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? கசெற் திங்கட்கிழமைதான் கொழும்பிலையிருந்து வருது. பலகை ஞாயிற்றுக்கிழமையே சந்தியிலை நிக்கவேணும். நீ நினைச்சதைக் கீறு.”

எனக்கு நினைக்க நேரம் இருக்கவில்லை. மிளகாய்க் கடதாசியை எடுத்து முன்னால் குத்திவைத்தேன். ஆறடிப் பலகையில் பச்சைத் தோல், இரண்டு கொம்பு, காலைச் சுற்றிய வால், நடுவில் அந்த முகம். பற்களை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். “வாலுள்ள வீரன்” என்று கொட்டில்காரர் சொன்ன பெயரைச் சிவப்பில் எழுதினேன். நான் கீறியவற்றுள் அதைவிட உயிருள்ள முகம் அதுவரை இருந்ததில்லை. இரண்டு நாள் அந்தச் சந்தியால் வேண்டுமென்றே சைக்கிளில் போய்வந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அக்காவின் கலியாணப் பேச்சு நடந்தது. அக்காவுக்கு முப்பது முடியப்போகிறது. சிறுவர் பள்ளியில் ரீச்சர். பொருத்தம் சரிவந்த இரண்டு இடங்களும் கடைசி நேரத்தில் காரணம் சொல்லாமல் விலகியிருந்தன. இப்போது தரகர் நீர்வேலியில் ஒரு இடம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், தோட்டக்காரக் குடும்பம். சனிக்கிழமை பொம்பிளை பார்க்க வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் மூலைக்கடைக்காரர் படலையடிக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கதைத்தார்.

“மாஸ்ரர், குடையோடை ஒரு ஆள் உங்கடை வீட்டைப் பற்றி விசாரிச்சுக்கொண்டு திரியுது. எத்தினை பேர் இருக்கினம், ஆர் வந்து போறது, மகன் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறவர் எண்டெல்லாம் கேக்குது.”

அப்பா தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். எல்லோரும் மாஸ்ரர் என்பார்கள். அன்று அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. வீட்டில் இளந்தாரி இருக்கிறானா, எப்போது வெளிக்கிடுகிறான் என்று முன்பின் தெரியாத ஒருவன் கேட்டால், அதற்கு அந்த நாட்களில் நல்ல அர்த்தம் எதுவும் இல்லை. ஆமிக்கா, இயக்கத்துக்கா, யாருக்காகக் கேட்கிறான் என்பதுதான் கேள்வி. அப்பா படலைக்குச் சங்கிலி போட்டார்.

“நீ இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டாம்,” என்றார் என்னிடம். பிறகு, “நீ ஏதும் செய்தனியோ?” என்றார்.

“இல்லை.”

“ஆரோடையும் கதைச்சனியோ?”

“இல்லையப்பா.”

அவர் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை. அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினொரு மணிபோல வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். ஒழுங்கையில் குடையோடு நின்றவர் சந்தைக்காரர்தான். எங்கள் கூரையை, கிணற்றை, படலைச் சங்கிலியை அந்த ஒற்றைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தியால் வந்திருக்கிறார். பலகையைக் கண்டிருக்கிறார். கீறியவனைத் தேடி வந்திருக்கிறார். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை தரகர் முன்னால் வந்தார். பின்னால் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய். கடைசியாகக் குடையை மடக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பன் படலைக்குள் நுழைந்தார். சந்தைக்காரரேதான்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மற்றவர்கள் குடித்தார்கள். அவர் குடிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு பார்வை என்னில் வந்து நின்றது.

“தம்பிதானோ படம் கீறுறவர்?”

“ஓம் ஐயா.”

“சந்தியிலை நிக்கிற பலகையும் உம்மடை வேலையோ?”

“ஓம்.”

“அதிலை இருக்கிறது ஆற்றை முகம்?”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன பலகை?” என்றார்.

“உங்கடை மகன் எனக்குக் கொம்பும் வாலும் வைச்சுச் சந்தியிலை நிப்பாட்டியிருக்கிறார். சம்பந்தம் பேச முதலே எங்களைப் பற்றி உங்கடை வீட்டிலை உப்பிடித்தான் கதையோ?”

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை.

“இல்லை ஐயா,” என்றேன். “அது என்ரை கற்பனை. உங்களை நான் முன்னம் பின்னம் கண்டதில்லை.”

அவர் குடையை எடுத்தார். “சந்தையிலை ஒரு பெடியன் பென்சிலை ஒளிச்சவன். அதுவும் கற்பனையோ?” என்று சொல்லிவிட்டு எழும்பி நடந்தார். தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. மாப்பிள்ளை எங்கள் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, அக்கா நின்ற குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்குப் பின்னால் போனார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

“பலகையைப் பாத்தனான். அந்த மனுசன் பிழையாச் சொல்லேல்லை,” என்றாள். “கீறினதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். அது உன்ரை வேலை. பொய் சொன்னாய் பார், அதின்ரை பலன் எனக்குத்தான். இனி அவை எங்கடை சொல் ஒண்டையும் நம்பாயினம்.”

“நான் என்ன செய்ய?”

“போய்ச் சொல்லு.”

திங்கட்கிழமை பின்னேரம் சைக்கிளை எடுத்தேன். சந்தியில் கொட்டில்காரர் மறித்தார். அவர் முகத்திலும் கலவரம்.

“உன்ரை பலகையிலை இருக்கிற ஆள் உண்மையா இருக்குதடா! நேற்றும் இண்டைக்கும் வந்து முன்வாங்கிலை இருந்து படம் பாத்துப்போட்டுப் போகுது. படத்தை எடுத்தது ஆர், கசெற் ஆர் தந்ததெண்டு என்னைப் போட்டுக் குடையுது. ஆரடா உது?”

நான் சைக்கிளை மிதித்தேன். நீர்வேலி வரும்வரை அதே யோசனை. ஏன் இரண்டு தரம் பார்த்தார்? வழக்குப் போடப் போகிறாரா? யாரிடமாவது போய் என்னைப் பற்றி முறையிட அத்தாட்சி சேர்க்கிறாரா?

அவர் தோட்டத்தில் வாழைக்குட்டி பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தார்.

“ஆர் அனுப்பினது?”

“அக்கா. நான் அண்டைக்குச் சொன்னது பொய், ஐயா. உங்களைச் சந்தையிலை கண்டுதான் கீறினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அப்ப நான் சரியாத்தான் பிடிச்சனான்,” என்றார். அவர் முகத்தில் வந்தது கோபம் அல்ல, ஒரு திருப்தி. மண்வெட்டியை வரம்பில் சாய்த்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“நான் படத்தைப் பாத்தனான். என்னை என்னவாக் காட்டியிருக்கினம் எண்டு அறிய வேண்டாமோ? பாத்தால் உவன் நல்லவன். மலைக்குள்ளை ஒரு பழஞ்சுரங்கத்திலை தனியக் கிடக்கிறான். ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி மட்டும் சாப்பாடு குடுக்கிறா. மற்றச் சனம் கல்லாலை எறியுது. பிறகு அந்த வித்தைக்காரப் பாவி அணையை உடைக்க, உவன்தான் பள்ளிக்கூடப் பிள்ளையளைத் தோளிலை ஏத்திக்கொண்டு தண்ணிக்குள்ளாலை வாறான். அப்பவும் சனத்துக்கு நம்பிக்கை வரேல்லை. தாய்மார் பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு ஓடுகினம்.”

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று பின்னர் அறிந்தேன். கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்திருந்தார்.

“இப்ப சொல்லும். உப்பிடி ஒருத்தனுக்கு ஏன் என்ரை முகத்தை வைச்சனீர்? என்னைப் பற்றி உமக்கு ஆர் என்ன சொன்னது?”

ஒற்றைக் கண் சுருங்கியது. நல்லதாக ஏதோ சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அக்கா சொன்னது தலைக்குள் நின்றது.

“ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா. கீறேக்கை நான் படம் பாக்கவேயில்லை. பயங்கரமான முகம் ஒண்டு தேவைப்பட்டுது.”

அவர் தன் கீழ்ப்பற்களை விரலால் தடவிப் பார்த்தார். வாழையிலைகளில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் ஏன்தான் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்தேன்.

“பல்லு ரண்டும் அவ்வளவு நீட்டில்லை,” என்றார் கடைசியில். “உம்மடை அக்கா கெட்டிக்காரி. அனுப்பியிருக்கிறா. கெட்டிக்காரியளோடை கவனமா இருக்கோணும். போய்ச் சொல்லும், வெள்ளிக்கிழமை வாறன் எண்டு.”

அடுத்தநாள் ஏணி வைத்து ஏறிப் பற்களை அரை அங்குலம் குறைத்தேன். முகத்தை அப்படியே மாற்றவா என்று அவரிடம் கேட்டிருந்தேன். “ஏன், இனி ஆற்றை முகத்தை வைக்கப்போறீர்?” என்று சந்தேகமாகக் கேட்டார். விட்டுவிட்டேன்.

அந்தக் கிழமைதான் நானும் போய் வாங்கில் இருந்து படத்தைப் பார்த்தேன். தேய்ந்த கசெற், ரீவியில் மழை பெய்தது. பூதம் வந்தபோது திடுக்கிட்டேன். நான் கீறியதற்கும் அதற்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. தட்டையான மூக்கு, சின்ன வாய், பல்லே வெளியில் தெரியவில்லை. உடம்புகூடப் பச்சையல்ல, நீலம். இதை இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்துதான் அந்த மனிதர் என்னை அப்படிக் கேட்டிருக்கிறார். தாய்மார் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு ஓடும் இடத்தில் என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அக்காவிடம் தனியாகக் கதைக்கவேண்டும் என்றார். என்ன கேட்டார் என்று அக்கா எங்களுக்குச் சொல்லவில்லை. “நானும் கொஞ்சம் கேட்டனான்,” என்று மட்டும் சொன்னாள். ஆவணியில் கலியாணம் நடந்தது. அப்பாவுக்குத் தாலி கட்டும்வரை நம்பிக்கை இல்லை. வாசல்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் சாந்தமானவர். வீட்டை ஆண்டது அவருடைய தகப்பன், இப்போது எங்களுக்கும் மாமா. அக்காவுக்கு வரும் கடிதங்களை யார் எழுதியது என்று கேட்பார். ரேடியோவில் சொல்லும் செய்தியை நம்பமாட்டார், செய்தியை நம்புகிறவர்களையும் நம்பமாட்டார். அக்கா கிணற்றடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் ஏன் என்று விசாரிப்பார். வீட்டுக்கு வந்தபோது ஒருமுறை அக்கா அம்மாவின் மடியில் தலைவைத்து அழுதாள். ஏன் அழுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செங்கமாரி வந்தது. ஊரில் வாகனம் ஓடாத ஒரு நாளில் மாமா அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நீர்வேலியில் இருந்து மானிப்பாய் ஆஸ்பத்திரிவரை உருட்டிக்கொண்டே வந்திருந்தார். அவள் அங்கே கிடந்த பத்து நாளும் அறை வாசல் வாங்கில் இருந்தார். ஊசி போட வந்த தாதியிடம் மருந்தின் பெயரை வாசித்துக் காட்டச் சொன்னார். தண்ணீர்ப் போத்தலைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். டொக்ரர் அந்த அறைப்பக்கம் வருவதற்கே தயங்கினார் என்று சொன்னார்கள்.

நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் கையை நீட்டி மறித்தார். பையை வாங்கித் திறந்து, பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்து, அழுகல் தட்டிய ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

“கனநேரம் கதைக்க வேண்டாம்,” என்றார். “பிள்ளை இப்பதான் நித்திரை கொண்டது.”