கேட்டதை மட்டும் எழுது

என் மகள் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவாள். நீண்ட காய்ச்சலில் படுத்து எழுந்து மறுபடி பள்ளிக்குப் போனபோது, அவள் எழுதிய கட்டுரையை யாரோ வகுப்பில் உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அன்று மாலை வந்து, "இனிமே போமாட்டேம்பா" என்றாள். கெஞ்சியும் அதட்டியும் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு கீழ்வீட்டில் குடியிருந்தோம். மனைவி விழுப்புரத்தில் செவிலியர். காலை ரயிலைப் பிடித்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். நான் வீட்டிலேயே கம்ப்யூட்டர் போட்டுக் கல்யாணப் பத்திரிகையும் பத்திரமும் டைப் அடிப்பவன். அதனால் வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது. கணக்கை அவளே போட்டுக்கொண்டாள். அறிவியலுக்கு வீடியோக்கள் இருந்தன. எழுத்துக்கு எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

முதலில் கூரியரில் ஒரு பாடத்திட்ட செட் வரவழைத்தேன். இலக்கணம், கோடிட்ட இடம், பொருத்துக. எல்லாவற்றையும் மளமளவென்று முடித்தாள். 'ஒரு பத்தி எழுதுக' என்ற பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்து ஆன்லைன் வகுப்பில் சேர்த்தேன். மாதிரிக் கட்டுரை காட்டினார்கள். அதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். "இது நீ எழுதினதா?" என்றேன். "அவங்க கேட்டது இதுதானப்பா" என்றாள்.

மூன்றாவது, பொம்மையார்பாளையத்தில் கிடைத்தது. அங்கே கடலோரத்தில் ஒரு குடும்பம் தங்கள் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வளர்த்திருந்தது. அந்த அம்மா ஒரு மெலிந்த புத்தகத்தைக் கொடுத்தார். "இதுல தலைப்பே கெடையாதுங்க. முதல் பாகம் முழுக்கக் கேக்கறதுதான். ஒரே எடத்துல உக்காந்து காதுல விழுறத மட்டும் எழுதணும். நீங்க திருத்தக் கூடாது, நல்லாருக்குன்னும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாம்."

மறுநாளே ஆரம்பித்தோம். கூடத்து ஜன்னலோரம் அவள், எதிர் மூலையில் கம்ப்யூட்டருடன் நான். அரை மணி கழித்துத் தாளை நீட்டினாள். மின்விசிறியின் கிரீச்சொலி, கீரைக்காரம்மா குரல், தூரத்தில் ரயில். கடைசியில் இரண்டு வரி: 'மேல் வீட்டில் நாற்காலி நகர்கிறது. யாரோ உட்காருகிறார்கள்.'

மேல் வீடு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தார். அவர் குடும்பம் கோட்டக்குப்பத்தில். சாவியும் அங்கேதான். அதே அறையில் இருந்த என் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் எத்தனையோ மாதம் கழித்து என் மகள் சொந்தமாக எழுதிய வரிகள் அவை. எனக்கிருந்த ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"எந்த எடத்துல நாற்காலி?"

"நான் உக்காந்துகினு இருக்கேன் இல்ல, அதுக்கு நேரா மேல."

அதன்பின் தாள்கள் நிறைந்தன. நாற்காலி தரையில் உரசும் சத்தத்தை அவள் எழுதியிருந்த விதத்தைப் படித்தபோது எனக்குப் பல் கூசியது. ஒரு நாள், 'நான் பேனாவைத் திறந்த பிறகுதான் உட்காருகிறார்கள்' என்று எழுதினாள். இன்னொரு நாள், 'நான் எழுதுவதை நிறுத்தினால் அவர்களும் மூச்சை நிறுத்துகிறார்கள்.' எழுத்து மெருகேற மெருகேற, தாளை வாங்கும்போதே நான் கூரையை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினேன். படித்துப் பார்த்த மனைவி, தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னா புக்குங்க இது? வேற ஏதாவது வாங்குங்க. பகல்ல புள்ளகூட நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"இப்பதான எழுத ஆரம்பிச்சிருக்கா. நிறுத்தினா மறுபடியும் மூடிக்குவா."

அவளுக்குப் பதில் சொன்னேனே தவிர, எனக்கே நிம்மதி இல்லை. மறுநாள் மகளிடம், "இன்னிக்கி சமையக்கட்டுல உக்காரு" என்றேன். அவள் எழுந்து போய் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். நான் கூடத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டு நின்றேன். நல்ல வெயில். வாசலில் மல்லாட்டைக் கடலை காய வைத்திருந்த பக்கத்து வீட்டம்மா காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். அப்போது என் தலைக்கு மேலே மரக்கால்கள் சிமெண்டில் இழுபடும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல், கூடத்திலிருந்து சமையலறைப் பக்கமாக அது போனது. அங்கே நின்றது. கனமான ஒன்று அமர்ந்ததுபோல் ஒரு முனகல்.

மகள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்றே கோட்டக்குப்பத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் வீட்டுக்காரரின் தம்பி சாவியோடு வந்தார். "திருடனா இருக்கும்னு பயப்படாதீங்க பாய், உள்ள ஒண்ணுமே கெடையாது" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். மகளும் கூடவே ஏறி வந்துவிட்டாள். ஜன்னல்கள் உள்ளே தாழிட்டபடி இருந்தன. தரை முழுக்க மாவு சலித்ததுபோல் தூசி. அதில் ஒரு காலடி கிடையாது. கூடத்து ஜன்னலோரத்தில் தொடங்கிச் சமையலறை வரை நான்கு கோடுகள் மட்டும் ஓடின. கோடுகள் முடிந்த இடத்தில் ஒரு பழைய மர நாற்காலி நின்றது. அதன் இருக்கையில் தூசி இல்லை.

அவர் சிரிக்கப் பார்த்தார். "எலி கிலி தள்ளியிருக்கும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பேஜாரா இருக்கே. ஜல்தியா பூட்டிடலாம். இந்த நாற்காலிய நான் எடுத்துகினு போயிடறேன்" என்றார். ஸ்கூட்டரின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சத்தம் நின்றது. மகளின் பேனாவும் நின்றது. பழைய இரண்டு பாடத்திட்டங்களையும் மறுபடி வெளியே எடுத்து வைத்தேன், அவள் தொடவில்லை. ஒரு வாரம்போல் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு முற்பகலில், நான் சொல்லாமலே ஒரே வரி எழுதி என் கீபோர்டு மேல் வைத்தாள்.

'உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள்.'

அன்றைக்கு நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மனைவி ரயிலிறங்கி வந்ததும் தாளைக் காட்டினேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "விழுப்புரத்துலயே வீடு பாத்துடலாம்" என்றாள்.

அந்த மாதமே மாறினோம். வண்டியில் ஏறும்போது மகள் மாடியைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல், "போய்ட்டு வர்றேன்" என்றாள். வரவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவள் பையை வாங்கி வண்டியில் வைத்தேன்.

புது வீட்டில் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினோம். அதில் பார்ப்பதை எழுத வேண்டும். பேருந்து நிலையத்தில் பூ கட்டுகிறவர்களின் விரல்களை எழுதினாள், ரயிலடியில் தூங்குகிறவர்களை எழுதினாள். எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறவைதான். தேர்வை முழுதாக எழுதி முடித்துத் தேறினாள். இப்போது தானாகவே கேட்டுப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

சென்ற மாதம் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு தம்பதி தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பிள்ளையும் எழுத மறுக்கிறதாம். எந்தப் பாடத்திட்டம் நல்லது என்று கேட்டார்கள். நான் அந்த மெலிந்த புத்தகத்தை எடுத்துவந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்லா வேலை செய்யுங்களா?" என்றார் கணவர்.

"செய்யும். உங்க வீட்டுக்கு மாடி இருக்கா?"

வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். "ஓட்டு வீடுங்க. சுத்திலும் கேப்பைக் கொல்லைதான்" என்றார் அந்த அம்மா.

புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன்.