தூணுக்கு எடுத்த இடுப்பளவு

என் அக்கா தையற்காரி. கணவர் இறந்த மறு மாதமே முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தவள். "பொம்பளை தனியா கடை நடத்துறதா?" என்று கேட்டவர்களின் துணியையும் அவளே தைத்தாள். அவர்களுக்குச் சொன்ன தேதி மட்டும் ஒருபோதும் தவறியதில்லை.

மகன் தலையெடுத்ததும் வீட்டை இடித்துக் கட்டினான். வாசல் முகப்பில் இரண்டு உருண்டைத் தூண்கள். உச்சியில் பூவேலை, உடம்பெல்லாம் வழவழப்பு. நடுவே இறங்கிய படிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. போன மழையில் அக்கா அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கோலூன்றி நடக்கத் தொடங்கியதும் கைப்பிடி கேட்டாள்.

"தூண்ல துளை போட்டா பூச்சு வெடிச்சிடும்மா. உனக்கு வெளிய என்ன வேலை? ஞாயித்துக்கிழமை படிக்கு மேல கேட் போட்டுப் பூட்டிடறேன். நிம்மதியா உள்ள இரு."

"என்னைப் பூட்ட நீ யாருடா?"

அவன் வேலைக்குப் போனதும் என்னிடம் டேப்பை நீட்டினாள். "தம்பி, தூணைச் சுத்திப் பிடி. துளையே வேண்டாம். பெல்ட் மாதிரி இரும்புப் பட்டை மாட்டி, கம்பியை அதுல சேர்த்துடலாம்."

நான் முப்பத்தெட்டு அங்குலம் என்றேன். அவள் சீட்டில் எழுதி வெல்டருக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை வெல்டர் வந்து பட்டையின் இரு பாதிகளையும் தூணைச் சுற்றிப் பூட்டினார். கையை எடுத்ததும் அது சரசரவென்று சரிந்து அடியில் போய் உட்கார்ந்தது. சீட்டைப் பார்த்தேன்: நாற்பது.

"ரெண்டு அங்குலம் எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

"இடுப்புன்னா தளர்வு விட வேணாமா?" என்றாள் பழக்கதோஷத்தில்.

வெல்டர் சிரித்துவிட்டார். "ஏம்மா, தூணு சாப்பிட்டா வயிறு உப்புமா?"

"சிரிச்சு முடிச்சியா? உள்ள லைனிங் குடுத்தா சரியாப் போச்சு." மிஷினுக்கு அடியில் கிடந்த தடித்த ரப்பர் விரிப்பை உருவி, நீளவாக்கில் வெட்டித் தூணைச் சுற்றிப் பிடித்தாள். அதன்மேல் பட்டையை வைத்து முடுக்கியதும் கவ்விக்கொண்டது. கம்பியின் கீழ்முனையைத் தரையில் போல்ட் அடித்த இரும்புக் காலோடு பற்றவைத்தார்கள்.

மாலையில் மகன் வந்தான். "யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"விழுந்தப்போ யாரைக் கேட்டுடா விழுந்தேன்?"

கம்பியை இரண்டு கையாலும் உலுக்கினான். அசையவில்லை. தூணில் கீறல் தேடினான். அதுவும் இல்லை.

"மாமா, நீங்களும் கூட்டா?"

"டேப் பிடிச்சதே நான்தான்," என்றேன்.

அக்கா கோலை அவன் கையில் திணித்துவிட்டுக் கம்பியைப் பற்றினாள். ஒரு கால் வைத்து, மறு காலை அதோடு சேர்த்து, அடுத்த படிக்கு நகர்ந்தாள்.

"பிடிச்சுக்கட்டுமாம்மா?"

"தள்ளி நில்லு."

தெருவில் நின்று கையை நீட்டினாள். அவன் இறங்கிவந்து கோலைக் கொடுத்தான்.

"பட்டன் கடை வரைக்கும் போறேன். அந்த கேட் போடறவனை நாளைக்கு வரவேணாம்னு சொல்லிடு."